கப்பலில் காரும் ஏறுமா?
கடல் கடந்து விடுமுறை செல்லும் குடும்பங்களுக்கு ஒரு பயணப் பாடம்



மட்டாஞ்சேரியில் வாழும் நமக்குக் காரைப் படகில் ஏற்றுவது அதிசயமல்ல. ஃபோர்ட் கொச்சி துறையில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, காரோடு படகில் ஏறினால் சில நிமிடங்களில் வைப்பின் கரை. முன்பு ஜங்கார் ஓடியது. 2018 முதல் 'சேதுசாகர்' ரோ-ரோ படகுகள் ஓடுகின்றன. கொச்சி மாநகராட்சிக்காக நமது கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை அவை. 4 லாரி, 12 கார், 50 ஆட்கள் என்பது ஒரு படகின் கொள்ளளவு. இந்தப் பழக்கத்தினால்தான் நம்மில் பலருக்கு ஓர் ஆசை எழுகிறது. 'இதேபோல் காரோடு கப்பலேறி இலங்கைக்குப் போனால் என்ன?'

எங்கள் வீட்டிலும் அந்த ஆசை எழுந்தது. என் தாயாருக்கு அப்போது வயது 78. முழங்கால் வலி, பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். அவருடைய தங்கை, என் சித்தி, 1972இல் திருமணமாகி இராமேஸ்வரத்தில் கப்பலேறிப் போனவர். இன்று யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் இருக்கிறார். அதற்குப் பின் அக்காளும் தங்கையும் நேரில் சந்தித்தது இரண்டே முறை. விமானம் என்றால் தாயாருக்குப் பயம். 'காரிலேயே உட்கார வைத்து, கப்பலில் ஏற்றி, சித்தி வீட்டு வாசலில் இறக்கிவிடலாம்' என்று நான் திட்டமிட்டேன். பயண முகவர் ஒருவரும், 'கார் போகும் சார், முன்பணம் கட்டுங்கள்' என்றார். நல்ல வேளையாகக் கட்டுவதற்கு முன் விசாரித்தேன். அந்த விசாரணையில் கற்றதே இந்தக் கட்டுரை.

1. கப்பல்கள் மூன்று வகை

முதல் வகை, ஆட்களை மட்டும் ஏற்றுவது. இரண்டாம் வகை, ஆட்களையும் அவர்கள் ஓட்டி வரும் வாகனங்களையும் சேர்த்து ஏற்றுவது. மூன்றாம் வகை, வாகனங்களைச் சரக்காக மட்டும் கொண்டு செல்வது. பேச்சு வழக்கில் முதல் இரண்டையுமே 'ஃபெர்ரி' என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு நாள்தோறும் பல படகுகள் போகின்றன. அவை எல்லாம் முதல் வகை. உங்கள் கார் அதில் ஏறாது. இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே துறைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இரண்டாம் வகை. 'ரோ-ரோ' என்றால் சக்கரத்தின் மேல் உருண்டு ஏறி, உருண்டு இறங்குவது என்று பொருள். அதற்குக் கப்பலில் சாய்தளக் கதவு வேண்டும். கரையிலும் அதற்கேற்ற இறங்குதுறை வேண்டும். வேற்று நாட்டுக்குப் போவதென்றால் வாகனத்தைச் சோதித்து முத்திரையிடச் சுங்க ஏற்பாடும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கார் போகாது.

ஆகவே முதல் கேள்வி 'கப்பல் உண்டா?' என்பதல்ல. 'பயணி தானே ஓட்டி வரும் காரை ஏற்றுகிறீர்களா?' என்பதே. இதற்கு விடை கப்பல் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரவேண்டும்.

2. நமது கடலின் கதை

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து ரயில், நடுவில் கப்பல், அக்கரையில் மீண்டும் ரயில் என்று கொழும்பு வரை ஒரே பயணம். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததே. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடி, 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் நின்றது. பாம்பனில் சாலைப் பாலம் திறந்ததே 1988இல்தான். அதுவரை இராமேஸ்வரம் தீவுக்கே காரை நேராக ஓட்டிச் செல்ல வழி இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் புறப்பட்டது. அது முன்பு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கார்களையும் ஏற்றி ஓடிய கப்பல். பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய அந்தச் சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது.

2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்ற விரைவுக் கப்பல் தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரம், 150 இருக்கைகள். சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. இரண்டுமே ஆட்களுக்கான கப்பல்கள். காருக்கு இடம் கிடையாது.

இந்தக் கதையிலிருந்து இரண்டு உண்மைகளை எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் காரோடு ஏறி இந்தியாவிலிருந்து வேற்று நாட்டுக்குப் போகும் வழக்கமான பயணிகள் கப்பல் எதுவும் இல்லை. சேவை தொடங்கிய செய்தியைப் படித்ததும், அடுத்த விடுமுறைக்கும் அது ஓடும் என்று நம்பிவிடவும் கூடாது. கொச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் வரப்போகிறது என்ற பேச்சும் வருவதும் போவதுமாக இருக்கிறது. பேச்சை நம்பி லீவு எழுதிக் கொடுக்காதீர்கள்.

காரோடு கடலில் போகும் அனுபவம் மட்டும் வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே இடம் உண்டு. மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ஓடும் கப்பல் ஏறத்தாழ 145 கார்களை ஏற்றும். ஒரு மணி நேரப் பயணம். குஜராத்தில் கோகா – ஹஜிரா சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. தரைவழியே 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டியதைக் கடல்வழியே சுமார் 90 ஆக்கியது அது. இங்கே பாஸ்போர்ட்டும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம்.

3. காருக்கும் பாஸ்போர்ட் வேண்டும்

நாளை இலங்கைக்குக் கார் கப்பல் வந்தாலும், அல்லது வேறு நாடுகளில் காரோடு எல்லை கடந்தாலும், பயன்படும் செய்தி இது.

ஆளுக்குப் பாஸ்போர்ட் போல, காருக்குக் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் உண்டு. 'இந்தக் காரை அங்கே விற்கமாட்டோம், திருப்பிக் கொண்டுவருவோம்' என்ற உத்தரவாதம் அது. இலங்கை போன்ற நாடுகளில் காருக்கு இறக்குமதி வரி மிக அதிகம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற மோட்டார் சங்கங்கள் இதைத் தருகின்றன. சென்னையிலுள்ள தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் அவற்றில் ஒன்று. காரின் மதிப்பைப் பொறுத்து ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். புத்தகத்தின் ஆயுள் ஒரு வருடம். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரையை மறந்துவிட்டால், கார் வீட்டு வாசலில் நின்றாலும் காகிதப்படி அது அந்நிய நாட்டிலேயே இருக்கிறது. வரி கேட்டுக் கடிதம் வரும். ஈட்டுத்தொகையும் திரும்பாது.

ஓட்டுபவருக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நமக்கு அதற்குரிய அலுவலகம் மட்டாஞ்சேரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே. நம் கார்களில் 'கே.எல். 43' என்று எழுதியிருக்கிறதே, அதே அலுவலகம். இலங்கையில் இந்த அனுமதியோடு அந்நாட்டின் அங்கீகாரமும் பெற்ற பிறகே வண்டி ஓட்ட வேண்டும். அங்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டுவோருக்கும் இது பொருந்தும். நம்மைப் போல் அங்கும் சாலையின் இடப்பக்கமே போவதால் பழக்கத் தடுமாற்றம் இல்லை.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். சாதாரண மோட்டார் பாலிசி இந்திய எல்லைக்குள் மட்டும் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்க விதி இருக்கிறது. ஆனால் அந்த நீட்டிப்பில், காரைக் கடல்வழியே கொண்டு செல்லும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் எழுதியிருக்கும். அதாவது அக்கரைச் சாலையில் இடித்தால் பணம் கிடைக்கும். நடுக்கடலில் கப்பலுக்குள் இடித்தால் கிடைக்காது. கடல் பயணத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுக்க வேண்டும். பாலிசியின் சிறிய எழுத்துக்களை வீட்டிலேயே, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுங்கள்.

4. கப்பலுக்குள் காரின் இடம்

வைப்பின் படகில் நாம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். கடல் கடக்கும் பெரிய கப்பலில் அப்படி முடியாது. காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரில் வைத்து, அலாரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மேல்தளத்துக்குப் போக வேண்டும். கரை சேரும்வரை கீழ்த்தளம் பூட்டியிருக்கும். 'பாட்டி மட்டும் காரில் தூங்கட்டும்' என்றால் விடமாட்டார்கள். என் திட்டத்தின் அடித்தளமே இங்கே ஆட்டம் கண்டது!

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. வாகனத் தளம் என்பது தடுப்புச் சுவரில்லாத ஒரே பெரிய கூடம். அதற்குள் நீர் புகுந்தால் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து கப்பலைக் கவிழ்த்துவிடும். 1987 மார்ச் 6இல் பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பல் முன்கதவை மூடாமலே புறப்பட்டது. சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 28இல் பால்டிக் கடலில் 'எஸ்டோனியா' கப்பலின் முன்பகுதி புயலில் உடைந்து, 852 உயிர்கள் போயின. இவற்றுக்குப் பின் விதிகள் கடுமையாயின. ஆகவே பணியாளர் 'மேலே போங்கள்' என்றால் வாதாடாமல் போக வேண்டும். மருந்து, குழந்தைக்குப் பால், சால்வை, பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தனிப்பையில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

சீட்டு வாங்கும்போது காரின் நீளத்தையும் உயரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். கூரைமேல் பெட்டி கட்டினால் அதையும் சேர்த்த உயரம்தான் கணக்கு. எரிவாயுவில் ஓடும் காரா, மின்சாரக் காரா என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கேனில் உபரிப் பெட்ரோல் கொண்டு போகக்கூடாது.

லண்டனில் நம் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அவர்களோடு காரில் பாரிஸ் போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. டோவர் – கலே கடப்பதற்கு ஒன்றரை மணி நேரம். பிரான்சு நாட்டின் பாஸ்போர்ட் சோதனை டோவரிலேயே, கப்பலேறுமுன் நடந்துவிடும். பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ள உங்களுக்கு பிரிட்டிஷ் விசா போதாது, ஷெங்கன் விசா தனியாக வேண்டும். கலேயில் இறங்கியதும் வண்டி வலப்பக்கம் போக வேண்டும். முதல் சுற்றுவட்டத்தில் ஓட்டுபவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள்.

5. நமது மழை வேறு, நாகை மழை வேறு

கொச்சியில் கடல் பொங்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. நாகைக் கடலில் புயலும் பெருமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கிறிஸ்துமஸ் விடுமுறை நமக்கு இதமான பருவம் என்பதால் அக்கரையிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடக்கூடாது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் காலத்தில் காங்கேசன்துறைக் கப்பல் ஓடவில்லை. நம் பள்ளிகளின் விடுமுறைகளில் ஏப்ரல், மே மாதங்களே இதற்கு ஏற்றவை. ஓணம் விடுமுறையிலும் போகலாம். ஆனால் பருவக்காற்று இருக்கும், அலை சற்று ஆட்டும். வாந்தி வருவோர் கப்பல் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். முதியவர்கள் டாக்டரைக் கேட்டுப் போடவேண்டும்.

திரும்பி வரும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது விட்டு வையுங்கள். வானிலையையும் பயணிகளின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கப்பல் ஓடும் நாட்கள் மாறியிருக்கின்றன.

6. செலவுக் கணக்கு

விளம்பரத்தில் வரும் தொகை முழுத்தொகை அல்ல. 2023இல் காங்கேசன்துறைக் கப்பலின் கட்டணம் ஒருவருக்கு ஒருவழி ரூ. 6,500, 18 சதவீத வரி சேர்த்தால் ரூ. 7,670. ஐந்து பேருள்ள குடும்பம் ரூ. 32,500 என்று நினைத்துப் போனால், கட்ட வேண்டியது ரூ. 38,350. வித்தியாசம் மட்டும் ரூ. 5,850. கட்டணம் அதன் பின் மாறிவிட்டது. கணக்கிடும் முறை மாறவில்லை. மூட்டை முடிச்சுக்கு எத்தனை கிலோ இலவசம், கப்பல் ரத்தானால் பணம் திரும்புமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காரைக் கொண்டு போகும் செலவோடு, அக்கரையில் வேன் வாடகைக்கு எடுக்கும் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஈட்டுத்தொகை, இன்ஷூரன்ஸ், கப்பல் கட்டணம், துறைமுகக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால், பத்து நாள் விடுமுறைக்குச் சொந்தக் கார் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குவோருக்கே அது யோசிக்கத் தக்கது.

7. மட்டாஞ்சேரியிலிருந்து வழி

நாகப்பட்டினம் வரை காரில் போகலாம். கோயம்புத்தூர், கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியே சுமார் 550 கிலோமீட்டர். முதியவர்கள் இருந்தால் திருச்சியிலோ தஞ்சையிலோ ஓர் இரவு தங்குவது நல்லது. எர்ணாகுளத்திலிருந்து காரைக்கால் போகும் இரவு ரயிலும், வேளாங்கண்ணி ரயிலும் நாகை வழியாகவே போகின்றன. விமானத்துக்குப் பயமில்லாதவர்களுக்குக் கொச்சி – கொழும்பு நேர் விமானம் உண்டு.

இலங்கைக்கு இணையவழி அனுமதி வாங்க வேண்டும். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் அரசின் தளத்திலேயே பாருங்கள். இறங்கிய பின் அலைச்சல் அதிகமில்லை. கீரிமலையும் மாவிட்டபுரமும் காங்கேசன்துறைக்கு அருகிலேயே உள்ளன. யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்குள். போரில் அற்றுப்போயிருந்த ரயில் பாதை 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் வந்தது.

8. முடிவாக

கார் கப்பலில் ஏறாது என்று தெரிந்த அன்று, 'சரி, பயணம் வேண்டாம்' என்று வீட்டில் சொன்னேன். தாயார் கேட்டார்: "கார் ஏறாட்டி நான் ஏறக்கூடாதாப்பா?"

அப்போதுதான் என் தவறு புரிந்தது. அவருக்கு வேண்டியது கார் அல்ல. நடக்கும் தூரம் குறைய வேண்டும், அவ்வளவே. சக்கர நாற்காலி தருவீர்களா, கப்பலில் ஏறப் படிகள் எத்தனை, கழிவறைக்கு அருகில் இருக்கை கிடைக்குமா என்று கேட்டு எழுதினேன். 2025 ஏப்ரலில் புறப்பட்டோம். காரை நாகையில் உறவினர் வீட்டில் விட்டோம். காங்கேசன்துறையில் சித்தியின் மகன் வாடகை வேனோடு நின்றான். வேனின் முன் இருக்கையில் சித்தி உட்கார்ந்திருந்தார்; அவருக்கும் முழங்கால் வலியாம்! அக்காளும் தங்கையும் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே, பயணம் போகுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.

(1) யாரை, எதற்காக அழைத்துப் போகிறோம்? காரால் அவர்களுக்கு ஆகவேண்டியது என்ன?
(2) கப்பல் காரை ஏற்றுமா? எழுத்தில் விடை வந்ததா?
(3) காருக்கும் ஓட்டுபவருக்கும் கடல் பயணத்துக்கும் உரிய தாள்கள் உள்ளனவா?
(4) அந்தக் கரையில் அது எந்தப் பருவம்? கப்பல் நின்றால் மாற்று வழி என்ன?
(5) வரி உட்பட மொத்தச் செலவு எவ்வளவு?

முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால், மற்ற நான்கையும் தீர்ப்பது சுலபம். பிள்ளைகளையும் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். நல்ல பூகோளப் பாடம்.

கடல் பயணம் இனிதாகுக!